வெறும் பெட்டிக்குப் பதினான்கு நாள்

கட்டிலின் தலைப்பக்கம் கதவு நிலையில் மாட்டிக்கொண்டு முன்னேயும் வரவில்லை, பின்னேயும் போகவில்லை. வாடகைக் கடையிலிருந்து வந்திருந்த இருவரில் மூத்தவர் முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இது உள்ள எப்படிம்மா வந்துச்சு?"

"முதல்ல காலைக் கழட்டணும். அப்புறம் ஒருக்களிச்சு, கைப்பிடி மேல வர்ற மாதிரி திருப்பணும்," என்றாள் அவள்.

எட்டு மாதத்துக்கு முன்னால், கூடத்து சோபாவில் சாய்ந்தபடி, மூச்சு வாங்க வாங்க அவளுடைய அண்ணன் இதே இருவரிடம் சொன்ன வார்த்தைகள். அவர்களுக்கு மறந்துபோயிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்களோ. கட்டில் ஒருக்களித்தது, திரும்பியது, வெளியே போனது. பின்னாலேயே ஆக்சிஜன் இயந்திரமும் போனது. அதன் உறுமல் நேற்றே நின்றுவிட்டாலும் காதுக்குள் அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் நேற்றுக் காலை பத்தே முக்காலுக்கு இறந்தான். இன்று காலை எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது மணி பதினொன்று. இப்போது இரண்டரை.

கணவரின் அக்கா கூடத்தில் உட்கார்ந்து, கட்டில் படியிறங்குவதைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆள் போய் முழுசா ரெண்டு நாள் ஆகல. அதுக்குள்ள கட்டிலையும் தூக்கிட்டாங்க. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"வேற ஒருத்தருக்கு வேணுமாம் அண்ணி. வரிசைல நிக்கறாங்க."

"அது உனக்கு யாரு சொன்னா?"

"நான்தான் ஃபோன் பண்ணேன். காலைல ஏழரைக்கு."

அண்ணி முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பன்னிரண்டு வருடமாகக் குடிநீர் விநியோக அலுவலகத்தின் புகார்ப் பிரிவில் ஃபோன் எடுப்பவள் அவள். எந்தப் புகார் தீர்ந்தாலும் அன்றைக்கே கணினியில் முடித்து வைக்காவிட்டால் மறுநாள் திரையில் சிவப்பாக நிற்கும். நேற்று அண்ணனின் மூச்சு நின்றதும் அவள் முதலில் பார்த்தது கடிகாரத்தை. பிறகுதான் முகத்தை.

அறைக்குள் போய் நின்றாள். கட்டில் போனதும் அறை இரண்டு மடங்காகிவிட்டது போலிருந்தது. சாலைச் சத்தம் வராத, சமையல் புகை எட்டாத, நேரடியாகக் காற்றடிக்காத ஒரே அறை இதுதான். அதனால்தான் அண்ணனுக்கு இதைக் கொடுத்தார்கள். கினிப் பன்றிகளுக்கும் அதே காரணங்களுக்காக இதே அறைதான் வேண்டியிருந்தது.

ஒன்பது வயது மகள், வீட்டில் எல்லோருக்கும் பொடிசு, ஏதாவது ஒரு பிராணி வளர்க்க இரண்டு வருடம் விடாமல் கேட்டு வாங்கிய சம்மதம் அது. நாய்க்கு இந்தக் குடியிருப்பில் இடமில்லை, பூனை கணவருக்கு ஆகாது. மீன் வேண்டாம் என்று பொடிசே சொல்லிவிட்டது: "அது நம்மள பாக்கவே பாக்காதும்மா." கடைசியில் ஊர் ஓரத்தில் கைவிடப்பட்ட பிராணிகளுக்கென்று இருக்கும் காப்பகத்தில் ஒரு ஜோடி இருப்பதாகத் தெரியவந்தது. விஷயம் அண்ணியின் காதுக்குப் போனபோது பெரிய ரகளை.

"வீட்டுக்குள்ள பன்னியா?"

"பன்னி இல்ல அத்தை. பேருதான் அப்படி. எலி மாதிரி இருக்கும், வால் மட்டும் கிடையாது."

"அப்ப வாலில்லாத எலியா? இது இன்னும் நல்லாருக்கு."

காப்பகத்து அம்மாள் லேசில் கொடுப்பவள் அல்ல. முதன்முதலாக வளர்ப்பவர்கள் என்றால் இன்னும் கெடுபிடி. நான்கு பக்கப் படிவம், கூண்டு வைக்கப்போகும் இடத்தின் அளவு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பதினான்கு நாள் பயிற்சி. பிராணிகள் வரும் முன்பே, அவை வாழப்போகும் அதே அறையில் ஓர் அட்டைப் பெட்டியை வைத்து, அதற்குள் பிராணி இருப்பதாகவே நினைத்துக்கொண்டு, தினமும் தண்ணீர் மாற்றி, விரிப்பு மாற்றி, காய் நறுக்கி வைத்து, காலையில் ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஒரு நாள் தவறினால் மறுபடி முதலிலிருந்து.

அண்ணன்தான் பெட்டியைத் தன் கால்மாட்டில் வைக்கச் சொன்னான். காய்ந்த புல் மட்டும் கூடாது, அதன் தூசு அவனுக்கு ஆகாது. அதற்குப் பதில் கிழித்த காகிதம். தினமும் பொடிசு வெறும் பெட்டிக்குக் குடைமிளகாய் நறுக்கி வைக்கும்போது மூக்குக் குழாயோடு தலையைத் தூக்கிப் பார்ப்பான்.

"ஒண்ணுமில்லாததுங்க ரெண்டும் சாப்ட்டாச்சா?"

"சாப்ட்டாச்சு மாமா."

"எனக்கு வைக்கிறதவிட நல்ல காயா இருக்கே. உங்கம்மாவுக்கு என்மேல அவ்வளவுதான் அக்கறை."

ஜன்னல் திரை பொருத்துவது அவன் தொழில். முப்பது வருடம் வீடு வீடாகப் போய் அளவெடுத்தவன். கூட வேலை செய்தவர்கள் அவனை இஞ்சு என்றுதான் கூப்பிட்டார்கள். யார் அளந்து கொடுத்தாலும் நம்பாமல் தானே ஒருமுறை அளப்பான். மனைவி பிரிந்துபோன பிறகு, வீடு என்று தனியாக ஒன்றை அவன் வைத்துக்கொள்ளவில்லை. நுரையீரல் கைவிட்டபோது தங்கை வீட்டுக்கு வந்தான்.

படிவத்தில் பதினேழாம் கேள்வி: வீட்டில் மூச்சுக் கோளாறு உள்ளவர்கள் இருக்கிறார்களா? இருந்தால் பிராணி தர இயலாது.

அவள் 'இல்லை' என்று எழுதினாள்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் மருத்துவமனைத் தாழ்வாரத்தில், அண்ணன் சக்கர நாற்காலியில் சற்றுத் தள்ளி இருக்கும்போது, மருத்துவரிடம் தணிந்த குரலில் கேட்டிருந்தாள். மூன்று வாரம், அதற்கு மேல் போகாது என்றார் மருத்துவர். எந்தத் தேதியில் பிராணிகளைப் பெற்றுக்கொள்ள முடியும் என்ற கேள்விக்கு, அந்த மூன்று வாரத்துக்கு மறுநாளைப் பார்த்து எழுதினாள். அந்தத் தேதி இன்று.

யாரிடமும் சொல்லவில்லை. அளவெடுப்பதையும் அண்ணன் கண் மூடியிருந்த ஒரு மத்தியானத்தில்தான் செய்தாள். முழுச் சுவரையும் அளக்கக் கை வரவில்லை. மூலையிலிருந்து கட்டில் கால் வரைக்கும் டேப்பை இழுத்து, மூன்றடி என்று குறித்துக்கொண்டாள். டேப் சடக்கென்று சுருண்டுகொண்டபோது திரும்பிப் பார்த்தாள். அண்ணனின் கண் மூடியே இருந்தது.

நேற்றிலிருந்து அவளைக் குடைவது அதுதான். அண்ணன் செத்துப்போவான் என்பது எட்டு மாதமாகத் தெரியும். ஆனால், அவன் செத்துப்போவதற்குத் தங்கை ஒரு தேதி போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறாள் என்பது அவனுக்குத் தெரிந்திருந்ததா? கூடப் பிறந்தவள் போட்ட கணக்கைப் பார்த்துக்கொண்டேதான் அந்தக் கட்டிலில் கிடந்தானா?

அட்டைப் பெட்டி இப்போது பால்கனியில் கிடந்தது. நேற்று ஆட்கள் உட்கார நாற்காலி போடுவதற்காக அண்ணி அதைத் தூக்கி வெளியே வைத்துவிட்டாள். பொடிசு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று தெரிகிற வயது.

மூன்று மணிக்கு ஃபோன் அடித்தது. துக்கம் கேட்பவர்கள் என்று நினைத்து எடுத்தாள்.

"காப்பகத்துலேர்ந்து பேசறேன். பாப்பாவோட படம் இன்னைக்கு வரலையே? பதிமூணு நாள் டாண்ணு ஒன்பதுக்கெல்லாம் வந்துச்சு. நேத்துகூட வந்துச்சே."

நேற்று ஒன்பது மணி. அதற்குப் பிறகும் அண்ணனுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது.

"இன்னைக்கு முடியலைங்க," என்றாள்.

"விதிப்படி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். கடைசி ஒரு நாள்தானே, பரவால்ல. ஆனா அஞ்சு மணிக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது. இன்னொரு குடும்பம் காத்திருக்காங்க. ஜோடியையும் பிரிக்க மாட்டேன். நீங்க வர்றீங்களா, இல்லையா?"

கணவர் எதிரில் நின்று கையை ஆட்டினார்: வேண்டாம் என்று சொல்லிவிடு. பொடிசு அறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள் என்ற வார்த்தை அவள் வாயில் தயாராக இருந்தது. நல்ல வார்த்தைதான். எல்லாம் அதோடு முடியும்.

"ஆமா, உங்க அண்ணனுக்கு இப்ப தேவலையா?" என்றாள் காப்பகத்து அம்மாள்.

"எங்க அண்ணன உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஃபோன் பண்ணாரே! போன வாரத்துக்கு முந்தின வாரம். படிவத்தை பாப்பா அவர்கிட்ட காட்டுச்சாம். 'அளவு தப்பா இருக்கு, திருத்திக்குங்க'ன்னாரு. 'என் தங்கச்சி கட்டில் காலோட நிறுத்திட்டா. நீங்க கட்டிலைக் கணக்குல எடுக்காதீங்க. சுவர் முழுசும் ஆறடி ரெண்டு இஞ்சு'ன்னாரு. அந்த அளவுக்குத்தான் கூண்டுக்கு அடித்தட்டு வெட்டி வச்சிருக்கேன்."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"எனக்கு சந்தேகம் வந்துடுச்சு பாருங்க. பேசும்போதே அவருக்கு அப்படி மூச்சு வாங்குது. பதினேழாவது கேள்விக்கு இல்லைன்னு போட்டிருக்கீங்களே, அப்ப நீங்க யாருன்னு கேட்டேன். சிரிச்சாரு. 'அளவுதான் தப்பா போட்டிருக்கா, தேதி சரியாத்தான் போட்டிருக்கா. அதுக்குள்ள எனக்கு சரியாயிடும்'னாரு. அதை நம்பித்தான் நான் பேசாம விட்டேன். சரியாயிடுச்சா?"

ஃபோனில் ஐந்து விநாடிக்கு மேல் பேசாமல் இருக்கக் கூடாது என்பது அவள் வேலையின் முதல் பாடம். பன்னிரண்டு வருடத்தில் அதை அவள் மீறியதில்லை. இப்போது மீறினாள். எதிர்முனையில் எங்கோ ஒரு கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. கூடவே, கீச்சென்று பல சின்னக் குரல்கள்.

"நேத்து காலைல போயிட்டாரு," என்றாள்.

"ஐயோ." அந்த அம்மாளின் குரல் தணிந்தது. "எனக்குப் புரியலம்மா அன்னைக்கு. நான் ஒரு முட்டாள். நீங்க இருங்க, அந்த இன்னொரு குடும்பத்துகிட்ட நான் சொல்லிக்கறேன். அடுத்த வாரம் வாங்க, அதுக்கடுத்த வாரம்கூட..."

"வேண்டாம். இன்னைக்கே வர்றோம். அஞ்சு மணிக்குள்ள."

ஃபோனை வைத்துவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தாள். காலையிலிருந்து அவிழ்ந்து கிடந்த கூந்தலை அள்ளி முடிந்தாள். கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் வண்டி கிளம்பும் நேரம் குறிப்பவர் அவர். ஒரு வண்டி கிளம்பத்தான் போகிறது என்று தெரிந்தால் தடுக்க மாட்டார்.

"இன்னைக்கே போகணுமா?" என்று மட்டும் கேட்டார்.

"போகணும்."

"நான் வேணா பொடிச கூட்டிட்டுப் போறேன். நீ கொஞ்சம் படு. மூணு நாளா தூங்கல நீ."

"இல்லங்க. நானும் வர்றேன்."

அண்ணி கூடத்திலிருந்து எழுந்தே விட்டாள். "எங்க கிளம்பறீங்க எல்லாரும்?"

"அண்ணி, யாராவது வந்தா உட்கார வைங்க. ஆறுக்குள்ள வந்துடுவோம்."

"இன்னைக்கா? பன்னி பிடிக்கவா? காலைல அண்ணன அனுப்பிட்டு சாயங்காலம் பன்னி பிடிக்கப் போறியா? கேக்கறவங்களுக்கு நான் என்னன்னு பதில் சொல்ல?"

"கடைக்குப் போயிருக்காங்கன்னு சொல்லுங்க."

"நல்லாருக்கு." அண்ணி மறுபடி உட்கார்ந்தாள். பொடிசைப் பார்த்தாள். அது செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு நின்றது. "அதுங்களுக்கு என்னடி தீனி?"

"புல்லு அத்தை. அப்புறம் குடைமிளகாய். தினமும் வேணும், இல்லன்னா உடம்பு வீக் ஆயிடும்."

"தினமும் குடைமிளகாயா? எனக்கு வாய்க்கலியே அந்தப் பிறவி. செருப்ப மாத்திப் போடு, போ."

காப்பகத்தில் அதிகம் பேச்சில்லை. அந்த அம்மாள் ஒல்லியாக, தலை நரைத்து, முழங்கை வரை கையுறை போட்டிருந்தாள். இவளைக் கண்டதும் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள். நீளமான பிளாஸ்டிக் தட்டை இரண்டு பேராகத் தூக்கி வந்தார்கள். பிறகு ஓரங்களில் துளையிட்ட ஓர் அட்டைப் பெட்டி. வீட்டுக்குப் போனதும் முதல் நாள் கையில் எடுக்கக் கூடாது, கூப்பிடக் கூடாது, ஒளிந்துகொண்டால் ஒளிந்துகொள்ளட்டும், பசித்தால் தானே வெளியே வரும் என்று பொடிசிடம் குனிந்து சொன்னாள். பொடிசு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது. கடைசியில் கேட்டது: "அழுதா?"

"இதுங்க அழாதும்மா. பேசாம மூலைல உட்காந்துக்கும். அதான் அதுங்களுக்கு அழுகை."

வாடகைக் காரின் ஓட்டுநர் தட்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். "சார், இது எப்படி சார் உள்ள போகும்?"

"ஜன்னல் வழியா நீட்டிக்கலாம். நான் பிடிச்சுக்கறேன்."

அப்படித்தான் கிளம்பினார்கள். கணவர் முன்னால் உட்கார்ந்து, ஜன்னலுக்கு வெளியே கையை விட்டுத் தட்டைப் பிடித்துக்கொண்டார். காற்று அதைப் படபடவென்று அடித்தது. ஓட்டுநர் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை "பிடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்." பின்னால் பொடிசு அவள் தோளில் சாய்ந்து, பெட்டியைப் பார்த்தபடியே தூங்கிப்போயிருந்தது.

பெட்டி அவள் மடியில் இருந்தது. வண்டி வளைவில் திரும்பும்போதெல்லாம் உள்ளே இரண்டு சின்னக் கனங்கள் ஒரு பக்கமாக நகர்ந்து, மறுபடி நடுவுக்கு வந்தன. கைப்பைக்குள் ஃபோன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

சிக்னலில் வண்டி நின்றபோது, துளையின் விளிம்பில் இருந்த அவளுடைய கட்டைவிரலில் ஏதோ பட்டது. ஈரமாக, வெதுவெதுப்பாக, மிக வேகமாக ஒரு மூச்சு. முகர்ந்து பார்த்துவிட்டு விலகியது. பிறகு மறுபடி வந்தது.

ஃபோன் அடித்து ஓய்ந்தது. விளக்கு பச்சைக்கு மாறியது. அவள் விரலை எடுக்கவில்லை.