லீசு முடிந்த வண்டி

இப்போதெல்லாம் ஒருவன் வந்து நின்றால் அவன் முகத்தை யாரும் பார்ப்பதில்லை. எதில் வந்து இறங்கினான் என்றுதான் பார்க்கிறார்கள். கல்யாணத்துக்குப் போனாலும் அப்படித்தான், சாவுக்குப் போனாலும் அப்படித்தான். போன மாதம் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தேன். காரில் வந்தவனுக்கு நாற்காலி போட்டார்கள். பஸ்ஸில் போன நான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்தவன் எனக்குத்தான் பங்காளி, கார்க்காரனுக்கு இல்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது.

என் மகன் வளவனுக்கும் இந்த வியாதி உண்டு. ஆனால் அவனைத் திட்ட எனக்கு முழுசாக வாய் வரவில்லை. சென்னையில் ஒரு டைல்ஸ் கம்பெனியில் பதினாறு வருஷம் இருந்தவன். கடைசி ஐந்து வருஷம் மேனேஜர். கம்பெனி அவனுக்கு லீசில் ஒரு பெரிய கார் எடுத்துக் கொடுத்திருந்தது. லீசு என்றால் வாடகை வீடு மாதிரி என்று எனக்கு விளக்கினான். மாதாமாதம் கம்பெனி பணம் கட்டும், இவன் ஓட்டுவான், கெடு முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இந்த வருஷம் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். இவன் வேலை போனது. லீசும் அந்த மாதமே முடிந்து, சாவியை வாங்கிக்கொண்டார்கள். பெண்டாட்டி அமுதவள்ளியையும் பெண்ணையும் சென்னையில் விட்டுவிட்டு விருத்தாசலத்துக்கு வந்து சேர்ந்தான். நம்மூர் பீங்கான் கப்புகளிலும் தட்டுகளிலும் ஓட்டல் பெயரைப் போட்டுப் பெரிய ஓட்டல்களுக்கு சப்ளை செய்யப்போகிறேன் என்றான். யோசனையில் குற்றம் இல்லை. திருச்சியில் ஏழு ஓட்டல் வைத்திருக்கிற ஒரு முதலாளி திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார். அந்த ஆர்டர் கிடைத்தால் பிழைத்துக்கொள்வான். கிடைக்கவில்லை என்றால் அடுத்த வருஷம் பெண்ணுக்குப் பள்ளிக்கூட ஃபீசு கட்ட வழியில்லை. கையில் இருந்தது பி.எஃப். பணம் ஒன்றுதான். அதில் ஐந்து லட்சத்துக்குப் பழைய கார் வாங்குவது என்று அவனே முடிவு செய்துவிட்டான். சின்னக் கார் இல்லை. முன்னாலும் பின்னாலும் நீண்டு, ஆபீசர்கள் பின் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து போகிற மாதிரி கார்.

"அஞ்சு லட்சத்துக்கு எவன்டா அந்தக் கார குடுப்பான்?"

"புதுசு பதினாறு லட்சம்ப்பா. ஆறு வருஷம் ஓடுனா எறங்கிடும். வேப்பூர்ல ஒண்ணு நிக்குது. நீயும் வா."

"எனக்கு கார பத்தி என்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரிய வேணாம். நீ யாரையும் நம்ப மாட்ட இல்ல, அதுக்குத்தான்."

சனிக்கிழமை காலையில் இரண்டு பேரும் பஸ் ஏறினோம். வேப்பூரில் பைபாஸ் ஓரம், சாப்பாட்டுக் கடைகளைத் தாண்டி, நவ்ஷாத் என்கிறவன் பழைய கார் வாங்கி விற்கிற கன்சல்டிங் வைத்திருக்கிறான். முப்பத்தைந்து வயசு இருக்கும். துபாயில் எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். தகரக் கொட்டகையின் கீழே பதினைந்து வண்டிகளை வரிசையாக நிறுத்தி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய பிள்ளைகள் மாதிரி மினுக்கி வைத்திருந்தான்.

"வாங்க பெரியவரே, உக்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"வேணாம் தம்பி. உன் டீய குடிச்சா அப்புறம் வெலய கொறச்சு கேக்க வாய் வராது."

"அப்ப ரெண்டு டீயா சொல்லிடறேன்," என்று சிரித்தான். வாய்க்காரன்.

வண்டி சாம்பல் நிறம். வளவன் சென்னையில் ஓட்டிய அதே கம்பெனி, அதே மாடல். அவன் அதன் பக்கத்தில் போய் நின்ற விதமே எனக்குப் பிடிக்கவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் பிடித்துவிட்டது என்று முதல் நிமிஷத்திலேயே காட்டிக்கொள்ளக் கூடாது.

"மத்த எடத்துல ஏழு சொல்றாங்களே, நீ மட்டும் ஏன் அஞ்சுக்கு குடுக்கற?" என்று நான் கேட்டேன்.

"பெட்ரோல் வண்டி, பெரிய வண்டி. இந்த ரோட்டுல யாரு கேக்கறாங்க? எல்லாருக்கும் ஒசரமா ஜீப்பு மாதிரி வேணும். நாலு மாசமா எடத்த அடச்சிக்கிட்டு நிக்குது பெரியவரே."

பதில் சரியாகத்தான் இருந்தது. உடனே வந்ததுதான் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

நான் வண்டியைச் சுற்றிவந்து ஆள்காட்டி விரலை மடக்கித் தட்ட ஆரம்பித்தேன். பீங்கான் கம்பெனியில் முப்பத்திரண்டு வருஷம் நான் பார்த்தது அந்த வேலைதான். சூளையிலிருந்து வந்த சரக்கைத் தட்டிப் பார்த்துப் பிரிப்பது. நல்லதாக இருந்தால் கிண்ணென்று மணி மாதிரி கேட்கும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் தொக்கென்று அமுங்கிவிடும். நான் தள்ளிய சரக்கை எந்த மேஸ்திரியும் திரும்ப எடுத்து வைத்தது கிடையாது.

"பெரியவரே, அது தேங்கா இல்ல," என்றான் நவ்ஷாத்.

"தேங்கா அழுகியிருந்தா சட்னியோட போச்சு தம்பி. இது அஞ்சு லட்சம்."

முன் கதவு தொக்கென்றது. பின் கதவும் தொக்கென்றது. அந்தப் பக்கம் போனேன். இரண்டும் தொக்கு. பக்கத்தில் நின்ற சின்னக் காரின் கதவைத் தட்டினேன். டங்கென்று கேட்டது.

"வளவா, இது அடிபட்ட வண்டி. நாலு கதவுலயும் பட்டி பூசி பெயின்ட் அடிச்சிருக்கறான்."

நவ்ஷாத் கோபித்துக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து, உள்பக்க அட்டையின் ஓரத்தை ஒரு தகட்டால் நெம்பிக் காட்டினான். உள்ளே கறுப்பாகத் தார் ஷீட்டு மாதிரி ஒன்று இரும்போடு ஒட்டியிருந்தது.

"இது கம்பெனியே ஒட்டுனது. ரோட்டு சத்தம் உள்ள வரக் கூடாதுன்னு. இந்த ரேட்டு வண்டிக்கெல்லாம் இப்படித்தான். டங்குன்னு கேட்டா அதுதான் சீப்பு வண்டி. நீங்க தலகீழா புடிச்சுட்டீங்க பெரியவரே."

வளவனும் சேர்ந்து சிரித்தான். "ஆமாப்பா. என் வண்டியிலயும் இருந்துது."

எனக்கு முகம் காந்தியது. ஆனாலும் சொன்னேன்: "ஒண்ணு தொக்குன்னா அது விரிசல். நாலும் தொக்குன்னா சூளையே வேகலன்னு அர்த்தம்."

"சரிங்க, டீயாவது குடிங்க," என்றான் நவ்ஷாத். டீ வந்திருந்தது. குடித்தேன். வேறு என்ன செய்வது.

ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்தான். கூட யாரும் வரவில்லை. வளவன் ஓட்டினான், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பைபாஸில் ஏறியதும் கண்ணாடியை மூடினான். அவ்வளவுதான், உலகமே ஊமையாகிவிட்டது. எங்களை ஒட்டி ஒரு லாரி போனது, அதன் சத்தமே தெரியவில்லை. செத்தவன் காதில் பஞ்சு வைப்பார்களே, அந்த நினைப்பு வந்தது எனக்கு. வளவனுக்கோ உயிர் வந்திருந்தது. மூன்று மாதமாகக் கூனிக்கொண்டு திரிந்தவன் முதுகை நிமிர்த்தியிருந்தான். ஒரு கையால் ஓட்டினான்.

"எப்படிப்பா இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. இதுக்கு முன்னாடி யாரு ஓட்டுனது?"

"ஒரு பெரிய கம்பெனி. லீசு முடிஞ்சு ஏலத்துல வந்துது. அதான்ப்பா நல்லது. கம்பெனி வண்டின்னா சர்வீசெல்லாம் நாள் தவறாம பண்ணியிருப்பாங்க. ரெக்கார்டு இருக்குது."

"அப்ப உன்ன மாதிரி ஒரு மேனேஜர் ஓட்டுனது."

"ஆமா."

"நீ உன் வண்டிய எப்படி ஓட்டுன?"

நான் குத்திப் பேச நினைத்துக் கேட்கவில்லை. சும்மாதான் கேட்டேன். ஒரு கல் தூரம் போன பிறகு வண்டியை ஓரம் கட்டினான்.

"ஒண்ணும் மோசமா ஓட்டல."

"சொல்லுடா."

"போன மழையில ஒரு தடவ தண்ணியில மாட்டிக்கிச்சு. சீட்டு வரைக்கும் ஏறிடுச்சு. தெரிஞ்ச ஷெட்டுல விட்டு காய வெச்சேன். சீட்டெல்லாம் கழட்டி, கழுவி, சென்ட்டு அடிச்சு குடுத்தாங்க. நல்லாத்தான் ஓடுச்சுப்பா."

"கம்பெனிக்கு சொன்னியா?"

"சொன்னா செலவ என்மேல எழுதுவாங்க. ஆறு மாசத்துல எப்படியும் திருப்பிக் குடுக்கற வண்டிதான."

"திருப்பிக் குடுக்கறப்ப?"

"ஃபாரத்துல கேட்டிருந்தாங்க. இல்லன்னு டிக் அடிச்சேன்." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் அப்படித்தாம்ப்பா," என்றான்.

எல்லாரும் அப்படித்தான் என்பதற்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கே அப்போது உறைத்திருக்க வேண்டும். இந்த வண்டியை ஓட்டியவனும் அந்த எல்லாரில் ஒருவன்தானே. அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். வண்டியைத் திருப்பினான். இந்த முறை இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான்.

கொட்டகைக்கு வந்ததும் டிரைவர் சீட்டு பெல்ட்டை அடியோடு வெளியே இழுத்தான். கழுவுகிறவன் கை எட்டாத இடம் அதுதான் என்று அவனுக்குத் தெரியும். அவனுடைய வண்டியில் சேற்றுக் கறை கடைசியில் அங்கேதான் தங்கியிருந்ததாம். கடைசி அங்குலம் வரை குனிந்து பார்த்தான். நானும் பார்த்தேன். கறை இல்லை. சுத்தம்.

"அப்பாடா," என்றான்.

"ஆறு வருஷம் ஓடுன வண்டியில கழுத்து வேர்வகூட படாத பெல்ட்டாடா? புதுசா மாத்துனதா இருக்கும்."

"எல்லாத்தயும் துடைச்சுத்தான் பெரியவரே வெக்கறோம்," என்றான் நவ்ஷாத்.

வளவன் அவனை நேராகக் கேட்டான்: "பாய், மறைக்காம சொல்லுங்க. இது தண்ணியில மாட்டுன வண்டியா?"

நவ்ஷாத் சிரிப்பதை நிறுத்திவிட்டு ஏலத்துக் காகிதத்தை எடுத்து நீட்டினான். "எனக்குத் தெரிஞ்சது இதுல இருக்கறது மட்டுந்தான் சார். ஓட்டுனவரு எழுதிக் குடுத்தது. தண்ணி ஏறுனதா, இல்லன்னு போட்டிருக்குது பாருங்க. அவரு பொய் சொல்லியிருந்தா நான் எங்க போயி கேக்கறது?"

அந்த டிக்கை வளவன் ரொம்ப நேரம் பார்த்தான். காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

நான் டங்கென்று கேட்ட சின்னக் காரைக் காட்டினேன். மூன்று வருஷ வண்டி, ஒரு வாத்தியார் ஓட்டியது, விலையும் கிட்டத்தட்ட அதேதான் என்றான் நவ்ஷாத்.

"இத எடுடா. ஒரு சனியனும் இல்ல."

"அதுல போயி எறங்குனா சாம்பிள் பையோட கேட்டுலயே நிக்க வெச்சிடுவாங்கப்பா. அந்த ஓட்டல்காரரு ஆளப் பாக்கறதுக்கு முன்னாடி ஜன்னல் வழியா வண்டியத்தான் பாப்பாரு. எனக்குத் தெரியும். நானே அப்படிப் பாத்தவன்தான்."

"இது பாதி வழியில நின்னுட்டா?"

"திங்கக்கிழம ஒருநாள் ஒழுங்கா ஓடுனா போதும்."

"அஞ்சு லட்சத்துக்கு ஒரு நாளா?"

அவன் களைத்துப்போயிருந்தான். நானும்தான். அவனுக்கு நாற்பத்தொரு வயசு. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிற வயசா?

நவ்ஷாத் ரசீதுப் புத்தகத்தை எடுத்தான். மிச்சத்தை இன்றைக்கே பேங்கில் போட்டுவிட்டால் நாளைக்கே வண்டியை எடுத்துக்கொள்ளலாம், இப்போது பேச்சுக்கு ஆயிரத்தொரு ரூபாய் அட்வான்ஸ் போதும் என்றான்.

"பெரியவங்க கையால குடுங்க. ராசியா இருக்கட்டும்."

வளவன் பணத்தை என் பக்கம் நீட்டினான். எங்கள் வழக்கம் அது. வீட்டில் எது வாங்கினாலும், கறவை மாடானாலும் பீரோவானாலும், முதல் பணம் மூத்தவன் கையால் போக வேண்டும். கொடுத்துவிட்டால் அப்புறம் அந்தப் பொருளைக் குறை சொல்லக் கூடாது.

நான் கையை நீட்டவில்லை.

"அப்பா."

"நீ சம்பாதிச்ச பணம். நீயே குடு."

"கோவமா?"

"கோவம் என்னா கோவம். எனக்கு மனசு ஒப்பல, அவ்வளவுதான். ஒப்பாத கையால குடுத்தா அது உனக்கு நல்லதா?"

கொஞ்ச நேரம் பணத்தை நீட்டியபடியே நின்றான். பிறகு திரும்பி அவனே நவ்ஷாத்திடம் கொடுத்தான். நவ்ஷாத் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரசீது எழுதினான். அந்தப் பையனைத் தப்பு சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாத ஆளை எப்படி நம்புவது?

இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று வளவன் கேட்டது காதில் விழுந்தது. தாராளமா சார் என்றான் அவன். "அப்பா, வா, பஸ் ஸ்டாப்பு வரைக்கும் கொண்டுபோயி விடறேன்," என்று வளவன் கூப்பிட்டான்.

"நீ ஓட்டிப் பாரு. நான் நடந்துக்கறேன்."

"வெயிலு அடிக்குதுப்பா."

"அடிக்கட்டும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் இறங்கினேன். வண்டி நல்லதாகவே இருக்கலாம். பெல்ட்டுச் சுத்தமும் உண்மைச் சுத்தமாக இருக்கலாம். அந்த ஓட்டல்காரர் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு என் மகனுக்கு நாற்காலி போட்டாலும் போடலாம். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. விருத்தாசலம் பஸ் நிற்கிற இடம் அரைக் கல் இருக்கும். முட்டி வலித்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.