முகப்பில் ஒரு ஓட்டை

கார் கம்பெனியின் வடிவமைப்பாளருக்கு, முகப்பில் ஓட்டை போடுவது என்றாலே ஆகாது. புது மின்சாரக் காருக்குச் சார்ஜ் போடும் இடம் பின்பக்கம்தான் என்று மீட்டிங்கில் ஒற்றைக்காலில் நின்றார்.

"அப்போ ஒவ்வொரு தடவையும் ரிவர்ஸ்ல நிறுத்தணுமே சார்?" என்று இழுத்தார் இன்ஜினியர்.

"அது என்ன பெரிய கம்பசூத்திரமா? என் வீட்ல தினமும் கார் அப்படித்தான் நிக்குது."

மாதிரி வண்டி தயாரானதும், அதைச் சார்ஜர் பக்கத்தில் நிறுத்திக் காட்டும் வேலையை அவர் தலையிலேயே கட்டினார்கள். முதலில் ஒரு பூந்தொட்டி போயிற்று. அடுத்து வண்டி, படுத்த எருமை மாதிரி இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு குறுக்கே நின்றது. சிரிப்பை அடக்க இன்ஜினியர் படாத பாடு பட்டார்.

வடிவமைப்பாளர் ஓரமாகப் போய் மனைவிக்கு ஃபோன் போட்டு, நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டார். "நம்ம வீட்ல மட்டும் கார் எப்படிம்மா அவ்வளவு நேரா நிக்குது?"

"வாசல்ல ஹார்ன் அடிச்சு, சாவியை என் கையில திணிச்சுட்டு நீங்க பாட்டுக்கு உள்ள போயிடுறீங்க. அப்புறம் அது தானாவா போய் நிக்கும்?" மனைவி சிரித்தாள். "பேசாம ஓட்டையை முன்னாடியே வைங்க. கார் வாங்குறவங்க எல்லார் வீட்டுக்கும் என்னால வர முடியாது."