யாருக்கும் தீங்கில்லாத ஓட்டு

அமெரிக்காவின் இண்டியானா மாநில வடகோடியில் எட்டுச் சின்னக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கூடைப்பந்து லீக் நடத்துகின்றன. மார்ச்சில் சீசன் முடிந்ததும், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரன் யார் என்று எட்டு கோச்சுகளும் ஓட்டுப் போடுவார்கள். ஒரே ஒரு விதிதான்: தன் பையனுக்குத் தானே போடக்கூடாது. நல்ல விதி. போடுகிறவர்களும் நல்லவர்களாக இருந்திருந்தால் அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

கோச் வெண்டல் ஹோஸ்டெட்லருக்கு இந்த வருஷம் அந்த விருது வந்தே ஆகவேண்டியிருந்தது. தனக்கல்ல, தன் அணியின் ட்ரெவியன் மேப்ரிக்கு. லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்தவன் அவன்தான். "விருது வந்தா அடுத்த வருஷமும் இங்கயே ஆடறேன் கோச். இல்லேன்னா நம்மள மதிக்கிற எடமாப் பாத்துப் போயிடுவேன்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான். அவன் போய்விட்டால் அந்த அணியில் மிச்சம் இருப்பது உயரம் மட்டும்தான்.

மேப்ரிக்குப் போட்டி என்று இருந்தவன் ஒருவன்தான்: பக்கத்து ஊர்க் கல்லூரியின் கெஸ்லர். அவனுடைய கோச் கில் ப்ரூயிட்டும் ஹோஸ்டெட்லரும் கைகுலுக்கும்போதுகூட ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. நியாயப்படி ஹோஸ்டெட்லரின் ஓட்டு கெஸ்லருக்குத்தான் போக வேண்டும். நியாயம் பார்க்கிற நேரமா இது? யாருக்கும் தீங்கில்லாத ஒரு பெயரைத் தேடினார். ஏதோ ஓர் ஆட்டத்தில் கால்சட்டை நழுவ, அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டே ஓடிய லூகன்பில் என்ற பையன் ஞாபகத்துக்கு வந்தான். அந்தப் பெயரைத் தட்டி அனுப்பிவிட்டு, பொரித்த பன்றிக்கறி சாண்ட்விச்சைப் பிரித்தார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது.

மறுநாள் லீக் ஆபீசிலிருந்து மார்லீன் போன் செய்தாள்.

"வாழ்த்துகள் வெண்டல். விருது உங்க பையனுக்குத்தான்."

"அப்பாடா. மேப்ரிகிட்ட சொல்லிட்டீங்களா?"

"மேப்ரி இல்ல. கிங்கரிச்."

ஆன்சல் கிங்கரிச் சீசன் முழுக்க பெஞ்சைத் தேய்த்தவன். டிசம்பரில் ஒரு நாள் வேறு ஆளில்லாமல் இறக்கிவிட்டதற்கு, எந்தக் கூடை யாருடையது என்று குழம்பி, கடைசி நொடியில் சொந்தக் கூடையிலேயே பந்தைப் போட்டு அணியைத் தோற்கடித்த மகான். அந்த வீடியோவைப் பார்க்காதவர்கள் அந்த வட்டாரத்திலேயே கிடையாது.

"மார்லீன், வயித்தெரிச்சலக் கொட்டிக்காதீங்க."

"நான் என்ன செய்யட்டும்? ஆறு ஓட்டு அவனுக்கு. காலையிலேருந்து ஒவ்வொரு கோச்சா போன் பண்ணி, 'நான் ஒருத்தன் போட்டா என்ன ஆயிடப்போகுதுன்னு நெனச்சேன்'ங்கறாங்க. அவங்கவங்க பையன் ஜெயிக்கணும்னா மேப்ரிக்கும் போடக்கூடாது, கெஸ்லருக்கும் போடக்கூடாது, தீங்கில்லாத பேரா ஒண்ணு வேணும். எல்லாருக்கும் அந்த வீடியோதான் ஞாபகம் வந்திருக்கு."

"மறுபடி ஓட்டு எடுங்க."

"எடுக்கலாமே. ஆனா மொதல்ல யாருக்குப் போட்டோம், ஏன் போட்டோம்னு எல்லாரும் வாயத் தெறந்து சொல்லணும். நீங்க சொல்றீங்களா? லூகன்பில்லுக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்கு. எந்தப் புண்ணியவான் போட்டாரோ."

ஹோஸ்டெட்லர் இருமினார். "மேப்ரிக்கு எத்தன?" என்றார் மெதுவாக.

"ஒண்ணு. ப்ரூயிட் போட்டது. அந்தப் பையன்தான் நல்லா ஆடினான், இதுல யோசிக்க என்ன இருக்குன்னு அவரே சொன்னாரு."

"கெஸ்லருக்கு?"

"ஒண்ணுகூட இல்ல."

போனை வைத்தபோது ஹோஸ்டெட்லருக்கு வெட்கமாக இருந்தது. இன்னொரு பக்கம், தன்னை முந்திக்கொண்டு நல்லவனாகிவிட்ட ப்ரூயிட் மேல் கோபமும் வந்தது.

ஆடுகளத்துக்கு வந்தார். சேதி முன்னமே வந்துவிட்டிருந்தது. பையன்கள் கிங்கரிச்சைத் தூக்க முயன்று, முடியாமல், சுற்றி நின்று கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கோச், இது எங்கயோ தப்பாயிருக்கு. திருப்பிக் குடுத்துடட்டுமா?" என்றான் கிங்கரிச். அழுதுவிடுவான் போலிருந்தது.

"வச்சுக்கடா. ஆறு கோச்சுங்க மண்டையக் கசக்கி யோசிச்சுக் குடுத்தது."

மேப்ரி மட்டும் கதவோரமாக நின்றிருந்தான். ஹோஸ்டெட்லர் பக்கத்தில் வந்ததும், "எனக்கு எத்தன ஓட்டு?" என்றான்.

"ஒண்ணு."

மேப்ரி அவர் முகத்தையே பார்த்தான். அவன் குரல் இறங்கியது. "நீங்கதானே கோச்? விதிய மீறி எனக்காகப் போட்டீங்களா?"

ஒரு 'ம்' போதும். பையன் எங்கும் போகமாட்டான். அந்த 'ம்' தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் மேப்ரி இத்தனை நம்பிக்கையோடு அவரை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொல்ல அவருக்கு மனசு வரவில்லை.

"நான் இல்லடா. ப்ரூயிட் போட்டாரு."

"ப்ரூயிட்டா? அப்ப நீங்க யாருக்குப் போட்டீங்க, கெஸ்லருக்கா?"

"இல்ல."

"ஏன் கோச்? அவன் நல்லாத்தானே ஆடினான். நானா இருந்தா அவனுக்குத்தான் போட்டிருப்பேன்."

மேப்ரி பையிலிருந்து போனை எடுத்தான்.

"ப்ரூயிட் நம்பர் இருக்கா? ஒரு நன்றி சொல்லணும்."

நன்றி மட்டும்தானா என்று கேட்க அவருக்கு வாய் எழவில்லை. தன் போனில் தேடியெடுத்து, நம்பரை ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார்.

"கொஞ்சம் மெதுவா கோச்" என்றான் மேப்ரி.