எலி தேடிய சனிக்கிழமை

“எலி இல்லீங்க. எலி செத்திருந்தா இனிப்பா நாறும்.”

“நாத்தத்துல இனிப்பு, காரம்னு வேற இருக்கா?”

“இருக்கு. மூணாம் நாள் அழுகின பழம் மாதிரி தொண்டையில வந்து உக்காந்துக்கும். இது அது இல்லே. இது புளிச்சுப் போயிருக்கு.”

கணவர் கையுறையைக் கழற்றாமலேயே மூக்கைச் சொறிந்துகொண்டார். சற்று முன்தான் அதே கையுறையால் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் இருந்த கரப்பான் முட்டைகளை வழித்து எடுத்திருந்தார். உன் ஆஸ்பத்திரி மூக்கை ஆஸ்பத்திரியிலேயே கழற்றி வைத்துவிட்டு வரக்கூடாதா என்று கேட்டபடி எலிப்பொறியைப் பலகைக்கு அடியில் இன்னும் ஒரு சாண் தள்ளி வைத்தார்.

கழற்றி வைக்கிற மூக்கு இல்லை அது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணி பிரிக்கிற வேலையில் அவளுக்குப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. தள்ளுவண்டியில் மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளில் எது கொதிநீருக்கு, எது மருந்துத் தொட்டிக்கு, எது நேராக எரிக்கிற இடத்துக்கு என்று கண் பார்ப்பதற்கு முன்பே மூக்கு சொல்லிவிடும். கூட வேலை பார்க்கிறவர்கள் சந்தேகம் வந்தால் மூட்டையை அவளிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அப்படிப்பட்டவளுக்கே இந்த மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை கேரேஜோடு நின்றிருந்த நாற்றம் வியாழக்கிழமை சமையலறைக் கதவிடுக்கில் நுழைந்தது. வெள்ளிக்கிழமை காலை டீயில் வந்து கலந்தது. சனிக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. எலியைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று காலையிலேயே ஷட்டரைத் தூக்கிவிட்டார்கள்.

அந்தக் கேரேஜுக்குள் கார் நுழைந்ததே கிடையாது. கார் பாவம், தெருவோரத்தில் பறவை எச்சத்தை வாங்கிக்கொண்டு நிற்கும். உள்ளே இருந்ததெல்லாம் கணவர் ‘ஒரு நாள் தேவைப்படும்’ என்று சேர்த்தவை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிக்கு ஃபிரேம் பொருத்துவது அவர் வேலை. கடுகளவு திருகாணியை நாள் முழுக்கத் திருகுகிறவர். அதனாலேயோ என்னவோ, வீட்டுக்கு வந்ததும் பெரிய பெரிய சாமான்களைப் பிரித்துப் போட அவருக்குக் கை துறுதுறுக்கும். பிரிப்பார். பாதிக்கு மேல் சரியும் செய்துவிடுவார். மீதிக்கு ஒரு சாமான் வாங்க வேண்டும் என்பார். அதோடு சரி. அவள் தங்கை அவருக்கு ‘இன்ஜினியர் மாமா’ என்று பேர் வைத்தபோது குடும்பமே சிரித்தது. அவர் மட்டும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

வாரிப் போட வாரிப் போட அவளுக்கு அருவருப்பு ஏறிக்கொண்டே போனது. டர்பன்டைனில் ஊறப்போட்டு மறந்த பிரஷ்கள் கோழைமாதிரி கெட்டியாகி, டப்பாவோடு ஒட்டிக்கொண்டு வந்தன. பழைய கால்மிதியைத் தூக்கினால் கீழ்ப்பக்கம் வழுவழுவென்று நத்தையின் வயிறு. மாற்றிப் போட்ட கழிப்பறைக் கோப்பையின் மூடியை, மஞ்சள் கறையோடு, படம் மாட்டுகிற மாதிரி ஆணியில் மாட்டி வைத்திருந்தார். ஒரு பாட்டிலில் குளியலறைக் குழாயில் அடைத்திருந்த பழைய வடிகட்டி, முடிக்கற்றையோடு. அதன் ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்காம். அட்டைப்பெட்டிகளுக்கு அழகான கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டியிருந்தார். ஆறு பெட்டி, ஆறிலும் ‘பலவகை’.

“இந்தப் ‘பலவகை’க்கும் அந்தப் ‘பலவகை’க்கும் என்ன வித்தியாசம்?” என்று கேட்டாள்.

“திறந்து பார்த்தா எனக்குத் தெரியும்.”

திறந்து பார்த்தார்கள். ஒன்றில் எலி கூடு கட்டியிருந்ததென்னவோ உண்மை. காகிதத்தைக் கடித்துக் குதறி, அதன்மேல் அரிசி இறைத்ததுபோல் புழுக்கை. கணவர் புதையல் எடுத்தவர்போலப் பெட்டியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன் என்றார். அவள் குனிந்து முகர்ந்தாள். பழைய, காய்ந்துபோன நெடி. இது போன வருடத்து எலி, அது இந்நேரம் பேரன் பேத்தி எடுத்திருக்கும் என்று சொல்லிவிட்டு மூலையில் இருந்த பெட்டி ஃப்ரீசர் பக்கம் நகர்ந்தாள்.

“அந்த மூலையை நான் பார்த்துட்டேன்” என்றார் கணவர்.

காலையிலிருந்து இதை அவர் சொல்வது இரண்டாவது முறை. முதல் முறை அவள் கவனிக்கவில்லை. இப்போது கவனித்தாள். எதையும் முழுதாகப் பார்க்காத மனிதர் ஒரு மூலையை மட்டும் பார்த்து முடித்திருக்கிறார்.

அவர் வெளிக்குழாயில் கை கழுவப் போனார். அவள் ஃப்ரீசரின் பக்கவாட்டில் சாய்த்திருந்த பிளைவுட்டை விலக்கி மண்டியிட்டாள். ஃப்ரீசரின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை ஒன்று உண்டு. அதன் மூடி தொலைந்து வருடக்கணக்காகிறது. இன்ஜினியர் அதில் ஒரு கந்தலைச் சுருட்டி அடைத்திருந்தார். கந்தல் இப்போது பழுப்பாக, விறைத்துப்போயிருந்தது. அதிலிருந்து ஒரு தாரை இறங்கி, அடியில் போட்டிருந்த அட்டையில் பரவி, அட்டை ஊறி உப்பிப் பிசுபிசுத்துக் கிடந்தது. விளிம்பைப் பிடித்து இழுத்தாள். அட்டை பிய்ந்து, பாதி கையோடு வந்தது. அடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. ஒன்றல்ல. கொதிக்கிற சோற்றுப் பானைக்குள் பார்த்த மாதிரி இருந்தது.

அவள் வாயை மூடிக்கொண்டு எழுந்தாள். வாந்தி வரவில்லை, அதற்குள் அந்த வாடையின் பெயர் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சலவைக்கூடத்தில் திங்கட்கிழமை முதல் மூட்டை. இரண்டு நாள் கட்டிக் கிடந்த குழந்தைகள் வார்டுத் துணி. இங்கே கெட்ட இறைச்சியோடு, அதற்கும் மேலாக, புளித்த பால்.

ஃப்ரீசர் மூடியைத் தூக்கினாள். உள்ளே குளிர் இருந்தது. எல்லாம் கல்லாக உறைந்திருந்தது. ஆனால் பட்டாணிப் பாக்கெட் ஒருமுறை உருகி மறுபடி உறைந்த மாதிரி ஒரே பாறாங்கல்லாக இருந்தது. கோழி தன் பையைவிட்டுப் பாதி வெளியே வழிந்து அப்படியே உறைந்திருந்தது. அதன் கீழே தங்கை பைகளை அடுக்கிவைக்கும் தட்டு.

தங்கை பஸ் டிரைவர். தொலைதூர பஸ். வாரத்தில் மூன்று நாள் வண்டியோடு போய்விடுவாள். நான்கு மாதக் கைக்குழந்தையோடு லீவில் இருந்தவளுக்குத் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும் நாள். அன்றைக்குப் போய் நிற்காவிட்டால் அவள் வழித்தடம் வேறு ஆளுக்குப் போகும், அவள் டிப்போவில் வண்டி கழுவ வேண்டியதுதான் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். குழந்தைக்கோ பவுடர் பால் ஆகாது. இரண்டு தடவை கொடுத்துப் பார்த்து, இரண்டு தடவையும் உடம்பெல்லாம் தடித்து, வாந்தியில் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதனால் பிள்ளை பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து தங்கை தன் பாலைப் பிழிந்து பிழிந்து சின்னச் சின்னப் பைகளில் தேதி எழுதிச் சேர்த்துக்கொண்டிருந்தாள். அவள் வீட்டு ஃப்ரிட்ஜ் தீப்பெட்டி அளவு. அக்கா வீட்டு ஃப்ரீசரில்தான் வைப்பாள். பையைப் படுக்கவைத்துத் தட்டையாக உறையவைத்து, பிறகு புத்தகம் மாதிரி வரிசையாக நிறுத்துவாள். அறுபத்து மூன்று பை. போன மாதம் காய்ச்சல் வந்ததிலிருந்து அவளுக்குப் பால் பாதியாகக் குறைந்துவிட்டது. அதனால் அந்த அறுபத்து மூன்றுதான் இனி அவள் வண்டி ஓட்டப்போகும் தைரியம்.

புத்தக வரிசை சரிந்து ஒன்றின்மேல் ஒன்று படுத்து ஒரே பலகையாக ஒட்டிக்கிடந்தது. ஒவ்வொரு பைக்குள்ளும் மேலே மஞ்சளாக ஒரு திட்டு, கீழே நீலம் பாரித்த தண்ணீர், அப்படியே உறைந்து. சில பைகள் வீங்கி வெடித்திருந்தன. எல்லாவற்றின்மேலும் கோழியிலிருந்து வடிந்த இளஞ்சிவப்பு ஐஸ். தேதிகள் கரைந்து ஊதா மையாக வழிந்திருந்தன.

கணவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மூடி திறந்திருப்பதைப் பார்த்து நின்றார்.

கரண்ட் போயிருக்கும் என்றார். வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லையே என்றாள். அவள் கண் தானாகச் சுவரைத் துழாவியது. கேரேஜில் பிளக் பாயிண்ட் ஒன்றே ஒன்று. போன சனிக்கிழமை அவர் டிரில் மெஷின் வைத்து ஓட்டை போட்டுப் பலகை மாட்டினார். சுவரடியில் இன்னும் கூட்டாத செங்கல் தூள். எக்ஸ்டென்ஷன் வயர் ஆணியில் பந்தாகச் சிக்கிக் கிடந்தது, எலி கட்டிய கூடு போல, தொடப்படாமல். ஒரு சிக்கை எடுக்கச் சோம்பல். ஃப்ரீசர் பிளக்கைப் பிடுங்குவது சுலபம்.

“எப்போ திரும்பச் சொருகினீங்க?”

அவர் தரையைப் பார்த்தார். “செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஸ்க்ரூ டிரைவர் எடுக்க வந்தேன். அப்பதான் பார்த்தேன். பார்த்ததும் உடனே சொருகிட்டேன்.”

அந்த ‘உடனே’ அவளுக்குப் புழுக்களைவிட அருவருப்பாக இருந்தது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய். பிறகு புதன், வியாழன், வெள்ளி. தெரிந்த பிறகும் நான்கு இரவு அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருக்கிறார். காலையிலிருந்து அவளோடு சேர்ந்து எலி தேடியிருக்கிறார். கடைக்குப் போய்ப் பொறி வாங்கி வந்திருக்கிறார், அதற்குள் ஒரு துண்டு சீஸ் வேறு வைத்திருக்கிறார்.

மறுபடியும்தான் கட்டியாகிவிட்டதே, எதற்கு எல்லோரையும் பதறவைக்க வேண்டும் என்று நினைத்ததாகச் சொன்னார். அழுக்கு பைக்கு வெளியேதான், கழுவினால் போய்விடும் என்றார். அவள் பேசாமல் நிற்கவே தைரியம் வந்து, நன்றாகக் கொதிக்கவைத்துக் கொடுத்தால் எந்தக் கிருமியும் செத்துவிடும், உங்கள் சலவைக்கூடத்திலேயே விரிப்பை எல்லாம் கொதிநீரில்தானே போடுகிறீர்கள் என்றார்.

“விரிப்பை யாரும் குடிக்கிறதில்லே” என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்தார். அதே கைக்குட்டையால் முகத்தையும் துடைத்துக்கொண்டார். பிறகு குரலை இறக்கினார். “சரி, தூக்கிப் போட்டுடலாம். ஆனா நான்னு சொல்லாதே. கரண்ட் போச்சுன்னு சொல்லு. நீ சொன்னா நம்புவா. ஜென்மத்துக்கும் அவ வாயில என்னால விழ முடியாது.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். அதற்கு அவளையே கரண்டியாகக் கேட்கிறார். இத்தனை வருடம் இந்த மனிதரின் முக்கால்வாசி வேலைகளை மற்றவர்களிடம் சிரித்துச் சிரித்து மூடி வைத்தவளும் அவள்தானே. குழாய் ஒழுகினால் பழைய குழாய் என்பாள். கதவு சாய்ந்தால் மரம் சரியில்லை என்பாள். அந்தப் பழக்கம் எங்கோ தொண்டைக்குள் இப்போதும் தயாராக நின்றது. கரண்ட் போச்சு. இரண்டே வார்த்தை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அது எவ்வளவு சுலபம் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் தன் வாய்க்குள்ளேயே ஏதோ அழுகிய ருசி. வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

மூடியை மூடவும் மனம் வரவில்லை, திறந்து வைக்கவும் வயிறு தாங்கவில்லை. கடைசியில் மூடினாள். அப்போதுதான் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. காலையில் போனில் எலிக் கதையைக் கேட்டுவிட்டு மாலையில் வருவதாகச் சொன்ன தங்கை, மதியத்துக்கு முன்பே வந்துவிட்டாள்.

தங்கை ஷட்டருக்கு வெளியே நின்றாள். குழந்தை மார்போடு கட்டியிருந்த துணிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. உச்சந்தலை மட்டும் வெளியே. காலில் யூனிஃபார்ம் பேன்ட். இடுப்புப் பட்டன் போட முடியாமல் சேஃப்டி பின் குத்தி, மேலே சட்டையை இழுத்து விட்டிருந்தாள். ஒரு கையால் மூக்கைப் பொத்தி, மறு கையால் குழந்தையின் முகத்துக்கு நேரே துணியை இழுத்துக்கொண்டாள்.

“என்ன இன்ஜினியர் மாமா, எலி மாட்டிச்சா, இல்லே நீங்க மாட்டிக்கிட்டீங்களா?”

மாமா தேடிக்கொண்டிருக்கிறோம் என்பதுபோல் தலையை ஆட்டினார். அக்காவைப் பார்க்கவில்லை. ‘பலவகை’ என்று எழுதிய பெட்டியைத் தூக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

தங்கை உள்ளே வரவில்லை. வந்தால் இந்த நாற்றம் பிள்ளைக்குத் தலைக்கேறும் என்றாள். டிப்போவிலிருந்து நேரே வருகிறாளாம். திங்கட்கிழமை காலை ஆறு மணி வண்டி, பழைய வழித்தடமே கொடுத்துவிட்டார்கள், பலகையில் என் பேரை எழுதியிருந்ததை நின்று இரண்டு தடவை படித்துவிட்டு வந்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னாள். இன்றைக்கும் நாளைக்கும் வீட்டுக்காரருக்குப் பயிற்சியாம். பாட்டிலைச் சரியாகப் பிடித்துக் கொடுக்கத் தெரிகிறதா என்று தான் பக்கத்தில் இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு பால் பாட்டிலையே நினைத்துக்கொண்டிருப்பேன் என்று சிரித்தாள். பிறகு தோளில் மாட்டியிருந்த சின்ன ஐஸ் பையின் ஜிப்பைத் திறந்து, அக்காவை நோக்கி எட்டி நீட்டினாள்.

“முதல்ல வச்சதுலேர்ந்து நாலு பை மட்டும் எடுத்துக் கொடேன்க்கா. தேதி பார்த்து எடு.”