நூறு அடிக்கு ஒரு அங்குலம்

கப்பல் ஸைனுலாப்தீனின் சுண்டுவிரல் அளவுதான் இருந்தது. அதன் அடியில், கடல் தொடவேண்டிய இடத்தில், கறுப்பாக ஒரு கோடு ஓடவேண்டும். கோடு கொஞ்சம் தடித்தாலும் கப்பல் சேற்றில் புதைந்ததுபோல் தெரியும். அவர் இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, வலது மணிக்கட்டை இடது கைமேல் தாங்கி, மூச்சைப் பாதியில் நிறுத்திக் கோட்டின் நடுவுக்கு வந்திருந்தபோது, அன்ஸார் மழையோடு உள்ளே வந்து ஒரு கரிச்சாக்கை மேசையின் மறுமுனையில் போட்டான். மேசை குலுங்கியது. கோடு கப்பலின் விலாவில் ஏறிப் புகைபோக்கிவரை போய் நின்றது.

"நிலமெல்லாம் ஈரம், நானா. கரி நனைஞ்சு போச்சு. வேற எங்க வைக்கிற?" என்றான் அன்ஸார்.

"வெச்சிட்டுத்தானே கேக்கிறாய்."

"விளையாட்டுச் சாமானுக்கு ஒரு முழு மேசை. சந்தையில கேட்டுச் சிரிக்கிறாங்க. நான் சிரிக்கல்ல."

ஸைனுலாப்தீன் துணி நுனியை டர்பன்டைனில் தொட்டு, பிசகிய கோட்டைத் துடைத்தார். எதையும் ஈரம் காயமுன் துடைத்துவிட்டால் அது நடக்காததுபோல் ஆகிவிடும். சகலனோடு ஒரே வீட்டில் இருப்பதற்கு அந்த வசதி இல்லை.

வீடு இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. பெரியகடைப் பக்கத்து ஒழுங்கையில் இருந்த அந்த ஓட்டு வீடு ஸைனுலாப்தீனின் மனைவி பரீதாவுடையது. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். தாய் தகப்பன் கட்டி மகளுக்கு எழுதிக்கொடுப்பார்கள், கட்டிக்கொள்பவன் நாலு சாரனும் ஒரு குடையுமாக வந்து சேருவான். பதினாலு வருஷத்துக்கு முன் ஸைனுலாப்தீன் அப்படித்தான் கிண்ணியாவிலிருந்து வந்தார். இளையவள் றஹ்மாவுக்குக் கட்டிய வீடு ஜன்னல் உயரத்துக்கு எழும்பியபோது தாய் தகப்பன் இருவரும் ஒரே வருஷத்தில் மௌத்தாகிப் போனார்கள். சுவர்கள் அந்த உயரத்திலேயே நின்றன. பிள்ளைப்பேற்றுக்கு என்று ராத்தா பரீதாவின் வீட்டுக்கு வந்த றஹ்மா இப்போது அறைக்குள் இருந்தாள். பிள்ளை பிறந்து இருபத்தேழு நாள், நாற்பது முடியும்வரை அவள் வாசல் தாண்டமாட்டாள். அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் அன்ஸார் வந்தான். இறக்கக்கண்டியிலிருந்து மீன் ஏற்றிவரும் லொறிச் சாரதி அவன். விறாந்தையின் ஒரு பாதியில் அவனுடைய லொறி மூடும் படங்கும் கயிறும் மீன்வாடையும், மறு பாதியில் இவருடைய மேசை. இருவரும் மற்றவரின் வாசத்தைப் பற்றிப் பரீதாவிடம் தனித்தனியாக முறையிட்டிருந்தார்கள்.

அந்த மாரி எல்லாவற்றையும் கெடுத்துக்கொண்டு வந்தது. கார்த்திகை முதல் வாரத்தில் அன்ஸாரின் சைக்கிள் வாய்க்காலோடு போய் இரண்டு நாளுக்குப் பிறகு கிடைத்தது. விறகு நனைந்து, சோறு பொங்குமுன் குசினியே புகையில் மறைந்தது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் குளிக்கப்போன ஸைனுலாப்தீன் கிணற்றடிப் பாசியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் முழங்கால்வரை பிளாஸ்டர் போட்டு, ஆறு கிழமைக்கு எழும்பவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

துறைமுகத்தில் வர்ணம் அடிப்பது அவருடைய வேலை. தொங்கு பலகையில் நின்று அறுநூறு அடிக் கப்பலுக்கு உருளையால் சாம்பல்நிறம் பூசுகிற கைகள் அவை. ஆனால் வெள்ளைக்காரன் இருந்த காலத்தில் அவரிடம் வேறொரு வேலையும் இருந்தது. கடற்படைப் பயிற்சி வகுப்பில் மேசைமேல் சின்னச் சின்ன ஈயக் கப்பல்களை வைத்து, தூரத்தில் நின்று கண்ணை மேசை மட்டத்துக்குத் தாழ்த்தி, எது எந்தக் கப்பல் என்று பையன்களைச் சொல்லச் சொல்வார்கள். நூறு அடிக்கு ஒரு அங்குலம் என்பது கணக்கு. அறுநூறு அடிக் கப்பல் ஆறு அங்குலம், ரோந்துப் படகு ஒரு நகத்தளவு. கைபட்டு உரிந்த வர்ணத்தைத் திரும்பப் பூச ஆள் தேடியபோது, பட்டறையில் கை நடுங்காதவர் ஸைனுலாப்தீன் ஒருவர்தான். வெள்ளைக்காரன் போய் ஒன்பது வருஷமாகிறது. போகும்போது குப்பைக்குப் போட்ட பெட்டியிலிருந்து ஒன்பது கப்பல்களை எடுத்துவந்து டொபி மிட்டாய் டின்னில் போட்டு அலுமாரிக்குள் வைத்தவர், அதன்பிறகு அதைத் திறக்கவில்லை. காலை நீட்டிக்கொண்டு கூரை ஓடுகளை எண்ணிக்கொண்டிருந்த மூன்றாவது நாள் பரீதாவே அதை எடுத்து அவர் மடியில் வைத்தாள். அவர் முனகுவதைக் கேட்க அவளுக்கு ஏலாமல் போயிருந்தது.

பெரிய கப்பலுக்கும் சின்னதுக்கும் வர்ணம் ஒன்றல்ல. தகர டப்பாவில் இருக்கும் தடிப்பிலேயே பூசினால் ஜன்னல் ஓட்டைகள் அடைபட்டுக் கப்பல் குருடாகிவிடும். டர்பன்டைன் கலந்து பாலைப்போல் இளக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக நாலு மெல்லிய பூச்சுப் பூசவேண்டும். தூரிகைக்குக் கீரிப்பிள்ளையின் வால்மயிர். ஏழெட்டு மயிரை நுனி பார்த்துச் சேர்த்துக் காக்கை இறகின் குழாயில் செருகினால், நனைத்தவுடன் ஊசிமுனையாகக் கூடி நிற்கும். இதெல்லாம் கைக்கு மறந்திருக்கவில்லை. காய்வதுதான் பிரச்சினை. டர்பன்டைன் பறக்கும்போது பூசிய இடத்தைக் குளிரவைத்துவிட்டுப் போகும். மாரியில் காற்று முழுக்கத் தண்ணீர். குளிர்ந்த இடத்தில் அது வியர்த்து, புது வர்ணத்தின்மேல் கண்ணில் பூ விழுந்ததுபோல் வெளிறல் படியும். ஒவ்வொரு பூச்சும் மூன்று நாள் ஒட்டிக்கொண்டே கிடந்தது.

அப்போதுதான் அவர் கூடையைப் பார்த்தார்.

பிள்ளைத் துணி வெயிலில் காயாத காலத்தில் எல்லா வீட்டிலும் செய்கிறதுதான். ஒரு சட்டியில் தணல், அதில் ஒரு நுள்ளு சாம்பிராணி, அதற்குமேல் கவிழ்த்த பிரம்புக் கூடை, கூடைமேல் துணி. பரீதா காலையில் ஒருதரம் அதைச் செய்து, துணியை மடித்து அறைக்குள் கொடுத்துவிடுவாள். நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் சாய்ந்துவிடுவார்கள். கூடை சும்மா கிடக்கும், சட்டியில் சூடும் மிச்சமிருக்கும். ஸைனுலாப்தீன் ஒரு காலால் நொண்டிப்போய், மூன்று கப்பல்களை நூலில் கட்டிக் கூடையின் உட்பக்கத்தில் தொங்கவிட்டுக் கவிழ்த்தார். சாம்பிராணி போடவில்லை, புகைக் கரி ஒட்டிவிடும். வெறும் சூடு மட்டும். அரைமணி நேரத்தில் வர்ணம் பங்குனி வெயிலில் காய்ந்ததுபோல் இறுகியது. ஒருவரும் எழும்புமுன் கூடையை இருந்தபடியே வைத்தார். நாலு நாள் அப்படிச் செய்தார். இத்தனை எளிதான வழி பட்டறையில் ஒருவனுக்கும் தோன்றியதில்லை என்று அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

நாலாம் நாள் பிள்ளைக்கு வயிறு இளகியது. காலைத் துணியெல்லாம் முடிந்து, பரீதா பின்னேர அஸர் தொழுகைக்கு முன் ஒருதரம் கூடையில் துணி விரித்தாள். அந்தி மஃரிப் தொழுகைக்கு வாங்கு சொல்லக் கொஞ்ச நேரம் இருக்கும்போது பிள்ளை வீரிட்டது.

"ராத்தா, இஞ்ச வாங்க. புள்ளைர முதுகப் பாருங்க," என்று அறைக்குள்ளிருந்து றஹ்மா கூப்பிட்டாள்.

பரீதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தாள். முதுகு முழுவதும் செக்கச்செவேலென்று தடித்திருந்தது. துணியை மூக்கருகில் கொண்டுபோனாள். எண்ணெய் வாடை. தேங்காய் எண்ணெயைச் சூடுகாட்டித் தடவி, பிள்ளையை மெல்லிய சாரன் துண்டில் கிடத்திவிட்டு, விறாந்தைக்கு வந்து அன்ஸாரின் முன்னால் நின்றாள்.

"கரி மூட்டினது ஆரு?"

"நான்தான் மதினி."

"என்னத்த ஊத்தி?"

"கொஞ்சம் மண்ணெண்ணெய். நனைஞ்ச கரி பின்ன எப்பிடிப் பிடிக்கும்?"

"அது உங்கட லொறி இல்ல. புள்ளைக்குச் சூடு காட்டுற சட்டி."

"எரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் சட்டிய உள்ளுக்கு வெச்சனான்."

"புள்ளைர முதுகு அப்பிடிச் சொல்லல்ல," என்று அறைத் திரைக்குப் பின்னாலிருந்து றஹ்மா சொன்னாள். "எதச் செய்தாலும் அவசரம். எனக்கெண்டா இந்த மனிசனோட ஏலாது ராத்தா."

பரீதா அன்ஸாரிடம் குரலை உயர்த்தவில்லை. "இறக்கக்கண்டிக்குப் போய் உங்கட உம்மாவோட நில்லுங்க. நாப்பது முடியட்டும். அதுக்குப் பிறகு கதைப்பம்."

அன்ஸாரின் முகம் மாறியது. பெண்டாட்டி வீட்டிலிருந்து அனுப்பப்பட்டவன் பையைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கையில் நடக்கும்போது, அவன் கடை முடுக்குக்கு வருமுன் செய்தி பள்ளிவாசலுக்குப் போய்விடும். திரும்பக் கூப்பிடப்படாமலே வருஷக்கணக்கில் தாய்வீட்டில் கிடப்பவர்களை எல்லோருக்கும் தெரியும்.

ஸைனுலாப்தீன் காலை நீட்டியபடி கதிரையில் இருந்தார். துணி வாடை அவருக்கு எட்டியிருந்தது. அது எதுவென்று எட்டிய அந்தக் கணத்திலேயே தெரிந்துவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். நாளைக்குக் கரிச்சாக்கு இல்லை, படங்கு இல்லை, மீன்வாடை இல்லை. விறாந்தை முழுவதும் அவருக்கு. பேசினால் கிண்ணியாவுக்குப் போகவேண்டியவர் அவர், அதுவும் முறிந்த காலோடு. கணக்கு இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"மண்ணெண்ணெய்ப் புகை கூடைக்குள்ள அடைஞ்சு கிடந்திருக்கு," என்றாள் பரீதா.

அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அன்ஸாருக்காக இல்லை. அவன் போவதை அவர் மனதார விரும்பினார். ஆனால் விஷயம் அப்படி நடப்பதில்லை.

"புகை அடையாது," என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"மண்ணெண்ணெய் நெருப்புப் பிடிச்சா எரிஞ்சு போயிடும். தணலில மிஞ்சாது. அவன் சொன்னது சரி. இது எரியாம ஆவியாப் போன ஒண்டு. பிரம்ப வெட்டிப் பாத்தா உள்ளுக்கு நூறு குழாய் இருக்கும், அந்த ஆவியக் குடிச்சு வெச்சுக்கொள்ளும். ஆறினாப்போல வாசமே தெரியாது. திரும்பச் சூடு காட்டினா எல்லாத்தையும் கக்கும். மேல ஈரத் துணி கிடந்தா அதுக்குள்ள போய் இருக்கும். காலையில விரிச்சது இரவெல்லாம் காத்தில ஆவி போன கூடை, அதால ஒண்டும் நடக்கல்ல. இண்டைக்கு நான் எடுத்து..."

பாதியில் அவருக்கே விளங்கியது. ஆனால் தொடங்கிய விளக்கத்தை நடுவில் விட அவருக்குப் பழக்கமில்லை.

"நான் கப்பல்கள எடுத்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள நீ துணி விரிச்சிருக்கிறாய். டர்பன்டைன்."

அன்ஸார்தான் முதலில் பேசினான்.

"அப்ப நான் நிண்டு பேச்சு வாங்கினதப் பாத்துக்கொண்டு இருந்தீங்க."

"ஓம்."

"நல்ல மனிசன்."

"புள்ளைர கூடையில பொம்மைக் கப்பல் காய வெச்சீங்களா மச்சான்?" றஹ்மாவின் குரல் திரையை அசைத்தது. "ஒரு புள்ளைய வளத்துப் பாத்திருந்தா இது செய்யத் தோணாது."

அது குறிவைத்தது அவரை. பட்டது பரீதாவில். பதினாலு வருஷமாக அந்த வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம் அது. பரீதா திரைப்பக்கம் திரும்பவில்லை. கணவனைத்தான் பார்த்தாள்.

"எத்தனை நாளா?"

"நாலு."

"நான் என்ர கையால விரிச்சனான்." உள்ளங்கையை ஒருதரம் பார்த்துக்கொண்டாள். "அந்த டின்ன எடுத்துத் தந்ததும் நான்."

"சொல்லாம விட்டிருக்கலாம்," என்றார் அவர். தன்னை அவள் கொஞ்சம் மெச்சக்கூடும் என்று ஒரு கணம் நினைத்திருந்தார்.

"ஓம், விட்டிருக்கலாம்," என்றாள் பரீதா. "அவர் போயிருப்பார். நாப்பது முடியத் திரும்ப வந்திருப்பார். ஒருத்தரும் இந்தக் கதை கதைச்சிருக்கமாட்டாங்க."

பிறகு அவள் உள்ளே போனாள். கட்டிலுக்கடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பழைய சூட்கேஸொன்றைக் கொண்டுவந்து, அன்ஸாருக்கும் அவருக்கும் நடுவில் நிலத்தில் வைத்துத் திறந்தாள். உள்ளே நீலப் பூக்கடதாசி ஒட்டியிருந்தது. அதில் ஒன்றும் வைக்கவில்லை. எடுத்து வை என்று ஒருவருக்கும் சொல்லவுமில்லை. வாங்கு சொல்லத் தொடங்கியிருந்தது. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தொழுகைக்கு வுழூ செய்யப் போய்விட்டாள்.

இருவரும் சூட்கேஸைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். மேலேயிருந்து ஒரு சொட்டு விழுந்தது. நீலக் கடதாசியில் ஒரு சதக் காசளவுக்குக் கறுத்தது. இரண்டாவது சொட்டு அதன் பக்கத்தில். மூன்றாவது வரிசை, வளைமரத்தோடு சேரும் இடத்து ஓடு, என்று ஸைனுலாப்தீன் நினைத்தார். வெடிப்பு அங்கே இருக்காது, தண்ணீர் சட்டத்தின் வழியாக ஓடிவந்து இந்த முடிச்சில் நின்று விழுகிறது, வெடிப்பு இன்னும் இரண்டு முழம் மேலே இருக்கும். யாராவது ஏறிப் பார்த்தால் தெரியும். அதைச் சொல்ல வாயெடுத்தார்.

அன்ஸார் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். குனியாமலே, ஈரமும் மீன்செதிலும் ஒட்டியிருந்த காலை நீட்டி, சூட்கேஸைச் சொட்டு விழாத இடத்துக்கு, ஸைனுலாப்தீனின் பிளாஸ்டர் காலருகே, ஒரு சாண் தள்ளி வைத்தான்.