மறுப்பவர்கள் சொல்லலாம்

வெர்லின் ட்ராட்மன் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் இருந்த சின்னச் சின்ன ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளையெல்லாம் ஒவ்வொன்றாக வளைத்து, ட்ராட்மன் மியூச்சுவல் என்று ஒரே கம்பெனி ஆக்கினார். வெளியூர்ப் பத்திரிகைகள் அவருக்குப் பெரிய மூளை என்று எழுதின. எனக்குத் தெரிந்து அவர் கேக் தின்றே அத்தனையையும் வாங்கினார்.

இந்த மாதிரி மியூச்சுவல் கம்பெனிகளுக்குத் தனி முதலாளி கிடையாது. பாலிசி எடுத்த ஒவ்வொரு விவசாயியும் முதலாளிதான். வருடத்துக்கு ஒருமுறை சர்ச்சின் கீழ்த்தளத்தில் கூடி, காபியும், ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்ட கேக்கும் சாப்பிட்டுவிட்டு ஓட்டுப் போடுவார்கள். வாயால்தான் ஓட்டு. ஒத்துக்கொள்பவர்கள் "சம்மதம்" என்று சொல்ல வேண்டும், மறுப்பவர்கள் "கூடாது" என்று சொல்ல வேண்டும். எங்கள் ஊர்க்காரனுக்கு இரண்டாவது வார்த்தை தொண்டையைத் தாண்டாது. அதுவும், கேட்கிறவர் எதிரே உட்கார்ந்து அவன் மனைவி சுட்ட கேக்கை இரண்டாம் துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கழுத்தை அறுத்தாலும் வராது. வெர்லின் ஊர் ஊராகப் போனார், சாப்பிட்டார், கேட்டார். எல்லோரும் முகதாட்சண்யத்துக்குக் கம்பெனியைத் தூக்கிக் கொடுத்தார்கள்.

எங்கள் கம்பெனியும் அப்படித்தான் போயிற்று. இறந்தவர்களின் காப்பீட்டுப் பணத்தைக் கேட்டு வரும் கோரிக்கைகளைப் பார்க்கும் ஆபீஸ் எங்களுடையது. வீட்டில் ஒருவர் இறந்துபோனால் முதல் போன் எங்களுக்கு வரும். பதினான்கு பெண்கள், அவர்களுக்கு நான் தலைவி. வாங்கிய ஆபீஸ்களையெல்லாம் வெர்லின் மூடி தலைநகர் டெமாயினுக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்த சமயம் அது. நான் நேரே அவர் முன்னால் போய் நின்று, "எங்களையும் மூடப்போறீங்களா?" என்று கேட்டேன்.

மனிதர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார். "சேச்சே. நான் நாற்காலியில இருக்கிற வரைக்கும் மூடமாட்டேன், ஆர்டித்" என்றார்.

அதனால்தான் 1987 வசந்தத்தில் கிழக்கே வெகுதூரத்தில் இருக்கும் கனெக்டிகட்டிலிருந்து ஒரு பெரிய கம்பெனி ட்ராட்மன் மியூச்சுவலையே விழுங்க வந்தபோது, விழுங்கியே பெருத்த மனிதருக்காக நான் ஜெபம் செய்ய வேண்டியிருந்தது. அவர் நாற்காலி போனால் என் பெண்கள் தெருவில். டைரக்டர்களை அவர்கள் ஏற்கெனவே சரிக்கட்டிவிட்டார்கள். பாலிசிக்காரர்களின் ஓட்டு ஒன்றுதான் பாக்கி. அந்த வருடக் கூட்டம் எங்கள் ஊரில், வெர்லின் குடியிருந்ததும் அங்கேதான்.

வெர்லின் வீடு வீடாகப் போய், "கூடாதுன்னு சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் சரி என்றார்கள். அவரிடம் வேறு என்ன சொல்வார்கள்?

"சீட்டுல எழுதிப் போடச் சொல்லுங்க, வெர்லின்" என்றேன்.

"அக்கம்பக்கத்துல இருக்கிறவங்ககிட்ட ரகசியச் சீட்டா? நம்பலைன்னுல்ல நெனச்சுப்பாங்க."

கனெக்டிகட்டிலிருந்து வந்தவர் பெயர் ஹால்ஸ்டெட். ஒல்லியான, கூச்ச சுபாவமுள்ள மனிதர். வந்து இறங்கியதும் வெர்லின் வீட்டு விருந்தினர் அறைக்கே போய்விட்டார் என்று கேள்விப்பட்டு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கம்பெனியப் பிடுங்க வந்தவனுக்கு உங்க வீட்டுலயே படுக்கையா?"

"மோட்டல்ல வெந்நீர் வரலையாம். பாவம்ல?"

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்றாம் நாள் கூட்டம். அதற்குள் ஹால்ஸ்டெட் வெர்லினின் மனைவி லோயிஸுக்குக் கோழிக்கூட்டுக் கதவைச் சரிசெய்து கொடுத்திருந்தார்.

கீழ்த்தளம் நிரம்பி வழிந்தது. பாஸ்டர் நோர்டால் தலைமை. ஹால்ஸ்டெட் கேக்கைப் பற்றி நாலு வார்த்தை, தன் கம்பெனியைப் பற்றி ரெண்டு வார்த்தை பேசினார். நான் எழுந்து, எங்கள் ஆபீஸ் என்னவாகும் என்று கேட்டேன்.

"மூடத்தான் வேண்டியிருக்கும், மேடம். மன்னிக்கணும்" என்றார். பொய் சொல்லவில்லை. அதற்கும் சேர்த்தே அவரை வெறுத்தேன்.

"சம்மதம் இருக்கிறவங்க சொல்லலாம்" என்றார் பாஸ்டர்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். ஹால்ஸ்டெட்டுக்குக் காது வரைக்கும் சிவந்தது. தன் தட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து வந்தவர், எல்லார் முன்னாலும் அப்படித் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க என் ஊருக்குப் பொறுக்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து யாரோ, "சரி... சம்மதம்" என்றார்கள். அப்புறம் முன்வரிசையில் ஒருவர். அப்புறம் பெஞ்சு பெஞ்சாக வந்தது.

ஹால்ஸ்டெட் பக்கத்தில் இருந்த வெர்லினைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே, வெர்லின்?"

"எனக்கென்னங்க வருத்தம்?" என்றார் வெர்லின். பிறகு, அத்தனை வீட்டுக் கதவையும் தட்டிவிட்டு வந்த அந்த மனிதர், "சம்மதம்" என்றார்.

"மறுப்பவர்கள் சொல்லலாம்."

"கூடாது!" என்று நான் கத்தினேன். கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது, நான் ஜெபத்தின் நடுவில் ஏப்பம் விட்டதுபோல. லோயிஸ் ஹால்ஸ்டெட்டின் கையைத் தட்டிக்கொடுத்து, "தப்பா எடுத்துக்காதீங்க. அவ ரொம்பக் களைச்சுப் போயிருக்கா" என்றாள்.

கம்பெனி கைமாறிக் கூட்டம் கலைந்ததும், சர்ச் சமையலறையில் வெர்லின் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் அவர் கையிலிருந்த துணியைப் பிடுங்கினேன்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க?"

"மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டான், ஆர்டித். நான் என்ன பண்ணுவேன்?"

"பதினாலு பேருக்கு நாளைக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"நான் வேணா வந்து சொல்றேனே."

"உங்களால சொல்ல முடியாது" என்றேன். அது அவருக்கும் தெரியும். அடுத்த தட்டை எடுத்துச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார். அப்போதும் எனக்கு இரக்கம் வரவில்லை.

காலையில் நான்தான் சொன்னேன். பதினான்கு பேரும் மேஜையில் கையை வைத்துக்கொண்டு கேட்டார்கள். யாராவது என்னைத் திட்டுவார்கள், அழுவார்கள், ஒரு பேப்பர்வெயிட்டையாவது எறிவார்கள் என்று காத்திருந்தேன்.

"பரவாயில்ல ஆர்டித், நீ என்ன பண்ணுவே" என்றாள் மூத்தவள். மற்றவர்களும் ஒவ்வொருவராக, என் மனம் நோகக்கூடாதே என்று, பரவாயில்லை என்றார்கள்.