கார்னெலுக்காக ஒரு நடை

ஓடெசா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தபோது கடைக்கு வெளியே அவள் தம்பியின் கால்களைப் பற்றிப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. மைதானத்து ஓரமாகத் தகரக் கூரை போட்ட சின்னக் கடை. ஊரின் அமெரிக்கக் கால்பந்து அணியான ஹாலரன் ஹேமர்ஸ் ஆடுகிற நாளெல்லாம் அவள்தான் அங்கே ஹாட் டாக் விற்கிறாள். சம்பளம் கிடையாது, லாபம் முழுக்க அணிக்கு. இன்றைக்கு ஆட்டமே இல்லை. ஆனாலும் சர்ச் முடிந்த கையோடு ஊரில் பாதி இங்கே வந்துவிட்டது. அணியில் மிச்சமிருக்கிற ஓர் இடத்துக்கு அவள் தம்பி கார்னெல் பெட்டிஃபோர்டை எடுப்பதா வேண்டாமா என்று அணியின் உறுப்பினர்களான ஊர்க்காரர்கள் இன்று மைதானத்தில் இரு பக்கமாக நடந்து முடிவு செய்தாகவேண்டும்.

"முப்பத்தஞ்சு வயசுய்யா!" என்றார் ஜிகி. டவுன் பஸ் ஓட்டுகிறவர். குரல் அவர் பஸ்ஸின் ஹாரனைவிட நன்றாக வேலை செய்யும். "ரன்னிங் பேக்குக்கு முப்பதுன்னாலே கிழம். பந்தை அக்குள்ல இடுக்கிக்கிட்டு பதினோரு தடியனுங்களுக்கு நடுவுல பூந்து ஓடணும். போன வருஷம் இவன் ஓடினதை நான் பார்த்தேனே. என் பஸ்ஸே இவனை முந்திரும், அதுவும் எல்லா ஸ்டாப்லயும் நின்னு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சலூன் வைத்திருக்கிற ஃப்ளாய்ட் மட்டும் சிரிக்கவில்லை. கார்னெலின் முதல் முடிவெட்டு முதல் அவர் கையால்தான். அந்தத் தலையில் தனக்கும் பங்குண்டு என்பது அவர் நினைப்பு.

"உன் பஸ்ஸு என்னைக்குடா நேரத்துக்கு வந்திருக்கு? இந்த ஊர்லருந்து பெரிய லீக் வரைக்கும் போனவன் அவன் ஒருத்தன்தான். ரெண்டு சீசன்!"

"ரெண்டு சீசன்ல எத்தனை ஆட்டம் எறங்கினான்? மிச்ச நேரமெல்லாம் பெஞ்சைத் தேய்ச்சான்."

"அந்தப் பெஞ்சைத் தேய்க்கவாவது உன் வம்சத்துல எவனையாச்சும் கூப்பிட்டாங்களா?"

ஜிகி ஹாட் டாக்கை ஒரு கடி கடித்தார். பிறகு கடைக்குள் எட்டிப் பார்த்து, "ஏம்மா ஓடெசா, தப்பா எடுத்துக்காத. உன் தம்பி தங்கமான பையன். காலு தகரம், நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

"நான் ஒண்ணும் எடுத்துக்கல ஜிகி. கடுகு சாஸ் இன்னும் கொஞ்சம் வேணுமா?"

"வேணும். உன் நடை எந்தப் பக்கம்னு கேக்கவே வேணாம். ரத்தமாச்சே."

ஓடெசா கடுகு பாட்டிலை நீட்டினாள். ரத்தம் என்றால் பாசம், பாசம் என்றால் தம்பி பக்கம் நடப்பாள் என்றுதான் ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்கிற பக்கம் நடப்பதென்று அவள் முடிவு செய்து பத்து நாளுக்கு மேலாகிறது. ரத்தம் என்பதால்தான் அந்த முடிவு. அதை யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அடுத்த மாநிலத்து அணிக்கு அவன் ஆடியபோது, தலையும் தலையும் மோதி விழுந்தான். அன்று அவள்தான் காரில் கூட்டிவந்தாள். "அக்கா, யாரு ஜெயிச்சா?" என்று கேட்டான். சொன்னாள். ஒரு பாலம் தாண்டியதும், "அக்கா, யாரு ஜெயிச்சா?" என்றான். மறுபடி சொன்னாள். ஊர் வருகிற வரைக்கும் அதையே, அதே குரலில், அதே ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு முறையும் தோற்றதைக் கேட்டு ஒவ்வொரு முறையும் புதிதாக வருத்தப்பட்டான். அதற்கப்புறம் ஒரு வருஷம் ஆடாமல் இருந்தான், பிறகு டாக்டர் தாராளமாக ஆடலாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். டாக்டருக்கென்ன, அவர் அந்தக் காரில் உட்கார்ந்திருக்கவில்லை. போன வருஷம் அதே அணிக்கு மறுபடி ஆடினான். காலில் வேகம் போய்விட்டது என்று அவர்கள் கழற்றிவிட்டார்கள். இப்போது கிடங்கில் லாரிகளுக்குச் சரக்கு ஏற்றுகிறான். வேலை முடிந்து வந்து, இருட்டும் வரை ஆற்றங்கரை மேட்டில் ஏறி இறங்குகிறான்.

கார்னெல் பின்வாசல் வழியாகக் கடைக்குள் வந்தான். தோள் கவசம் மாட்டி, ஹெல்மெட்டைக் கையில் தொங்கவிட்டிருந்தான். அவன் எது கேட்பான் என்று அவளுக்குத் தெரியும். வெங்காயமில்லாமல் ஒன்று எடுத்து வைத்தாள். அவன் தொடவில்லை.

"அப்புறம் சாப்பிடுறேன்க்கா. இப்ப சாப்பிட்டா வாந்தி வரும்."

"பயமா இருக்கா?"

"ஆமா." சிறு வயதிலிருந்தே அவளிடம் பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு. "வெளிய ஜிகி பேசினதெல்லாம் கேட்டுச்சு. நியாயமாத்தான் பேசுறாரு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும் உன்கிட்ட. நடக்கும்போது, நான் உன் தம்பின்னு நெனச்சுக்கிட்டு நடக்காத. ஜிகியோட தம்பின்னு நெனச்சுக்க. அப்புறம் எந்தப் பக்கம் தோணுதோ போ."

"அவருக்குத் தம்பி கெடையாது."

"அக்கா."

"சரிடா. போ."

அவன் போன பிறகு அந்த ஹாட் டாக்கை என்ன செய்வதென்று தெரியாமல் துணி போட்டு மூடினாள். இப்படி ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு போய்விட்டானே என்று எரிச்சலாக இருந்தது.

ஹாலரனில் புது ஆளை அணிக்கு எடுப்பதற்கென்று ஒரு முறை உண்டு. வந்தவனுக்கு மூன்று வாய்ப்பு. எதைச் செய்து காட்டுவது என்பது அவன் இஷ்டம். பிறகு அவன் கோல் கோட்டில் ஆற்றைப் பார்த்து, ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நிற்கவேண்டும். மைதானத்து நடுவிலிருந்து உறுப்பினர்கள் நடப்பார்கள். வேண்டும் என்பவர்கள் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிற நம்முடைய படிக்கட்டுப் பக்கம், வேண்டாம் என்பவர்கள் எதிரணி ஆட்கள் உட்காருகிற பக்கம். எல்லோரும் நின்றதும் விசில். அப்போது அவன் திரும்பிப் பார்க்கலாம். திரும்பினால் எப்படியும் தெரியத்தானே போகிறது, முதுகு எதற்கு என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நடக்கும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்பதுதான் பதில். ஒரு காலத்தில் கைதூக்கச் சொல்லி, ஒரு கல்யாணமும் இரண்டு மூக்கும் உடைந்த பிறகு வந்த ஏற்பாடு இது.

கோச் வின்சென்டி பந்தைக் கார்னெலிடம் தூக்கிப் போட்டார். "மூணு தடவை. எங்கருந்து ஓடுறேன்னு சொல்லு."

கார்னெல் பந்தை ஒருமுறை கையில் உருட்டிப் பார்த்தான். பிறகு அதைக் குவாட்டர்பேக் ஜோயியிடம் கொடுத்துவிட்டான். பந்தை எறிகிறவன் ஜோயி. போன சீசனில் எறிவதற்குள் எதிரணி ஆட்கள் மேலே விழுந்து விழுந்து, கடைசியில் கழுத்தெலும்பு உடைந்து, அணியும் அத்தோடு படுத்துவிட்டது.

"ஓடுறதுக்கு உங்ககிட்ட நல்ல பசங்க இருக்காங்க கோச். ஜோயி, நீ பின்னாடி நில்லு. பூன், நீ ஓடிவந்து இவனைச் சாய்க்கப் பாரு. நான் நடுவுல நின்னு உன்னைத் தடுக்கிறேன்."

கூட்டத்தில் சலசலப்பு. பூன் என்பவன் இருபத்திரண்டு வயது லைன்பேக்கர். பந்து வைத்திருப்பவனைச் சாய்ப்பதே அவன் வேலை. கதவுக்குள் நுழையும்போது பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவான்.

"என்னய்யா இது?" என்று கத்தினார் ஜிகி. "சலூன்ல வேலை கேட்டு வந்தவன் கத்திரியைத் தொடாம தரையைக் கூட்டிக் காட்டுறான்!"

"கூட்டுறதுக்கும் ஆள் வேணும்டா. என் கடையில வந்து பாரு," என்றார் ஃப்ளாய்ட். ஆனால் அவர் முகமும் வாடித்தான் போயிருந்தது. அவன் ஓடுவதைப் பார்க்கத்தான் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

முதல் தடவை பூன் நேராக வந்தான். கார்னெல் ஓர் அடி தாமதம். சத்தம் கடை வரைக்கும் கேட்டது. கார்னெல் மல்லாக்க விழுந்து கிடந்தான். பூன் அவனைத் தாண்டிப் போய் ஜோயியின் முதுகைத் தட்டிவிட்டு வந்தான். ஓடெசா எப்போது கடையை விட்டு வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கையில் இடுக்கியோடு எல்லைக்கோட்டில் நின்றிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை, ஜிகிகூட.

கார்னெல் எழுந்தான். முதலில் ஒரு முழங்கால், பிறகு மற்றது. பூனிடம் ஏதோ சொன்னான், பூன் சிரித்தான். பிறகு கார்னெல் எல்லோருக்கும் கேட்கும்படியாக, "இன்னொண்ணு" என்றான்.

இரண்டாம் முறை ஓடெசா அவன் கால்களைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் பார்த்தாள். பூன் வந்தான். கார்னெல் இடுப்பைத் தாழ்த்தி, தலையை ஒரு பக்கமாக ஒதுக்கி, தோளால் பூனின் நெஞ்சுக்குக் கீழே முட்டுக்கொடுத்தான். முன்பெல்லாம் தலையைத்தான் கொடுப்பான்; ஆற்றங்கரை மேட்டில் இதைத்தான் பழகியிருக்கிறானா? இருவரும் அப்படியே நின்றார்கள். பூனின் கால்கள் புல்லைக் கிழித்துக்கொண்டிருந்தன, ஆள் நகரவில்லை.

மூன்றாம் முறை பூன் ஏமாற்றப் பார்த்தான். இடப்பக்கம் வருவதுபோல் வந்து வலப்பக்கம் சுழன்றான். சுழன்று முடிக்கிற இடத்தில் கார்னெல் ஏற்கெனவே நின்றிருந்தான். அவசரமே இல்லை. பின்னால் ஜோயி பந்தை வைத்துக்கொண்டு யாராவது வருவார்களா என்று பார்த்தான். யாரும் வராததால் காதைச் சொறிந்துகொண்டான். அப்போது கூட்டம் கொண்டாடிச் சிரித்தது. ஃப்ளாய்ட் தொப்பியைக் கழற்றி ஜிகியின் முதுகில் அடித்தார்.

ஓடெசா சிரிக்கவில்லை. பெரிய லீக் ஜெர்சியில் அவனை டிவியில் பார்த்த அன்று ஊரே அவள் வீட்டுக்குள் வந்து கத்தியது, அவளும் கத்தினாள். அன்றைக்கு இருந்த பெருமை ஊரோடு சேர்ந்த பெருமை. இது வேறு. ஊர் முழுக்க ஓடச் சொல்லிக் காத்திருக்கும்போது, என்னால் இப்போது ஓட முடியாது, இதுதான் முடியும், இதுதான் உங்களுக்குத் தேவை என்று நடு மைதானத்தில் நின்று சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சு வரும்? கைதட்டே கிடைக்காத வேலையை அவன் கேட்டு வாங்குகிறான். என் தம்பி என்று அவளுக்குச் சத்தம் போட்டுச் சொல்லவேண்டும்போல் இருந்தது.

ஆனால் அந்தக் காரும் அவளுக்குள் ஓடிக்கொண்டேதான் இருந்தது. யாரு ஜெயிச்சாக்கா?

கார்னெல் கோல் கோட்டுக்குப் போய் ஹெல்மெட்டைக் கழற்றிப் புல்லில் வைத்துவிட்டு, ஆற்றைப் பார்த்து நின்றான். முதுகு முழுக்க மண், முதல் அடியில் விழுந்த மண். எல்லோரும் நடுவில் கூடினார்கள்.

"நடங்கப்பா," என்றார் கோச்.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஃப்ளாய்ட் முதல் ஆளாக நம் படிக்கட்டுக்குப் போனார். ஜிகி சற்றுத் தயங்கி, "நல்லாத்தான் செஞ்சான், இல்லேங்கல. ஆனா ரெண்டு மாசம் கழிச்சு குளிர்ல அந்தக் காலு என்ன சொல்லும்?" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் போனார். அவர் பின்னால் கணிசமான பேர் போனார்கள். இந்தப் பக்கமும் குறைவில்லை. எது அதிகம் என்று பார்த்த பார்வையில் சொல்ல முடியாது.

ஓடெசா மட்டும் நடுவில் நின்றாள். பத்து நாளாக அவள் கால்களுக்குச் சொல்லி வைத்திருந்த திசை எதிர்ப்பக்கம். அங்கே போனால் அவன் வீட்டுக்கு வந்து வெங்காயமில்லாத ஹாட் டாக்கைச் சாப்பிட்டுவிட்டு, நல்லபடியாகக் கிழவனாவான். எல்லாவற்றையும் ஒரே தடவை கேட்டால் போதும் அவனுக்கு. அவன் அக்காவாக நடந்தால் அதுதான் வழி.

அவன் ஜிகியின் தம்பியாக இருந்தால்? மூன்றாம் தடவை முடிவதற்குள் அவள் படிக்கட்டில் போய் உட்கார்ந்திருப்பாள்.

"ஓடெசா," என்றார் கோச் மெதுவாக. "விசில் ஊதணும்மா."

அவள் கோல் கோட்டைப் பார்த்தாள். எத்தனை பேர் எந்தப் பக்கம் போனார்கள் என்று காதால் எண்ணுவதுபோல அவன் தலை கொஞ்சம் சாய்ந்திருந்தது. புல்லில் யார் நடந்தாலும் ஒரே சத்தம்தான். அவள் நடந்தாள். பயம் கூடவே வந்தது, வரட்டும் என்று விட்டுவிட்டாள். நம் படிக்கட்டில், ஃப்ளாய்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கண்ணைத் துடைக்கப் போனவள், கையெல்லாம் வெங்காயம் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டாள்.

விசில் ஒலித்தது. கோச் ஒவ்வொரு பக்கமாக விரல் நீட்டி எண்ணத் தொடங்கினார்.

கார்னெல் திரும்பினான். இந்தப் பக்கம் அவன் பார்க்கவே இல்லை. நேரே எதிர்ப்பக்கம்தான் பார்த்தான். முதல் வரிசையில் கண்ணால் தேடினான், ஜிகியைத் தாண்டினான், இரண்டாம் வரிசைக்குப் போனான், அதற்கும் பின்னால், வேலியோரம் நின்றவர்கள் வரைக்கும் போனான். அவளைத்தான் தேடுகிறான் என்று ஓடெசாவுக்குப் புரிந்தது. அவள் எங்கே நிற்பாள் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, தெரிந்துதான் ஜிகியின் தம்பியாக நினைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறான். அங்கே அவள் இல்லை என்றதும் அவன் கண் மறுபடி முதல் வரிசைக்கு வந்து, நம்பாமல், ஒவ்வொரு முகமாகத் தேடியது. அவள் கூப்பிடவில்லை. கையிலிருந்த இடுக்கியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அவன் இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று நின்றாள்.